புதன்கிழமைத் தையல் வகுப்பு

புற்றுநோய்ச் சிகிச்சை முடித்தவர்களுக்கான சேவைக்கு இத்தனை வருடம் பொறுப்பாக இருந்து என்னத்தைச் செய்தாய் என்று கேட்டால், ஒரு பொய்த் தையல் வகுப்பு நடத்தினேன் என்றுதான் சொல்லவேண்டும்.

மார்பில் சத்திரசிகிச்சை செய்த பெண்கள் சிலருக்குக் கை வீங்கும். புதன்கிழமைகளில் சுன்னாகத்தில் ஒரு மண்டபத்தில் அவர்களைக் கூட்டி, அளவு நாடாவால் கைகளை அளந்து, பயிற்சி சொல்லிக்கொடுப்போம். புற்றுநோய் வருத்தம் வெளியே தெரிந்தால் பெண்பிள்ளைகளுக்குச் சம்பந்தம் வராது என்று பயந்து, அவர்களாகவே ஊரில் தையல் வகுப்பு என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு விசர்தான் வந்தது. உயிர் தப்பினவர்கள் எதற்கு ஒளிக்கவேண்டும்? ஆனாலும் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

ஒரு புதன்கிழமை, பண்டத்தரிப்பிலிருந்து வருகிற அக்கா ஒருவரின் கையை அளந்துகொண்டிருந்தேன். அவருடைய மகளுக்குச் சாதகக் குறிப்பும் பொருந்தி, கலியாணத்துக்கு நாள் வைக்கிற நேரம். துணிப் பையோடு ஒரு அம்மா உள்ளே வந்தார். அக்கா கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். மாப்பிள்ளையின் தாய் என்று முணுமுணுத்தார். சம்பந்தம் பேசிய இடத்தில் தையல் வகுப்பைப் பற்றி இவரிடம் அளந்துவிட்டதும் அக்காதான்.

அந்த அம்மா வகுப்பில் சேர வந்திருக்கிறாராம். எனக்கோ ஊசியில் நூல் கோக்கவே தெரியாது. இருக்கச் சொல்லிவிட்டு, சட்டைக்கு அளவெடுக்கிற மாதிரி மிச்சப் பேரின் கைகளையும் அளந்தேன். முடிந்ததும் அக்கா பஸ்ஸுக்கு ஓடிவிட்டார். பிள்ளையின் கலியாணம் என்னால் குழம்பப்போகிறதே என்று நினைத்தபடி அளவு நாடாவைச் சுருட்டினேன்.

அந்த அம்மா போகவில்லை.

“பிள்ளை, தையல்காரர் இரண்டு கையையும் அளந்து வித்தியாசம் எழுதுறேல்லை,” என்றார். பிறகு சேலைத் தலைப்பை விலக்கி இடது கையைக் காட்டினார். வீங்கியிருந்தது. கொழும்பில் சத்திரசிகிச்சை செய்ததாம், ஊரில் ஒருவருக்கும் தெரியாதாம். “ஒரு கை பெருத்திருக்கு. வெளியிலை சட்டை தைக்கக் குடுக்கேலாது. நானே தைக்கப் பழகலாமெண்டு வந்தன்.”

அப்பாடா என்றிருந்தது. இனி என்ன பயம், சம்பந்தியிடம் மனம்விட்டுக் கதையுங்கள் என்றேன்.

“ஐயோ, வேண்டாம். அவவுக்கு இருக்கிறது எனக்குப் பரவாயில்லை. இந்த வருத்தம் இரண்டு பக்கத்திலையும் எண்டு தெரிஞ்சால், பிறக்கப்போற பிள்ளையளை நினைச்சு அவ பெட்டையைத் தரமாட்டா. அவ வராத நாள் ஒண்டு இருக்கோ?”

ஒளிக்காதீர்கள் என்று சொல்லவேண்டிய நானே, வெள்ளிக்கிழமை வாருங்கள் என்றேன். செய்தது சரியா பிழையா, இன்றைக்கும் விளங்கவில்லை.

கலியாணம் நன்றாக நடந்தது. புதன்கிழமைகளில் அக்கா கையை நீட்டிக்கொண்டு, சம்பந்திக்கு ஏதும் தெரியவந்திருக்குமோ என்று கேட்பார். இல்லை என்பேன். நிம்மதியாகப் போவார். வெள்ளிக்கிழமை மற்றவரும் அதையேதான் கேட்பார்.