மகளின் படகுக்கு வண்டி பார்த்த கதை

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. அதன் பிறகு இந்தக் கைகளால் நான் கட்டியவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். உப்புவெளிக் கரையில் தகரக் கொட்டில் ஒன்று கட்டினேன். கடல் வந்து கொண்டு போனது. அதே காணியில், கொஞ்சம் மேட்டுப் பக்கமாக, கல்வீடு கட்டினேன். ஊரின் பேரிலேயே உப்பு இருக்கிற இடத்தில் நல்ல தண்ணீர்க் கிணறு வெட்டினேன். தண்ணீர் வராது என்று சொன்னவர்கள் இப்போது என் வாளியில்தான் அள்ளிக் குடிக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் பைபர் படகு கட்டத் தெரிந்த ஆள் இல்லாத காலத்தில், பழைய படகொன்றைக் கவிழ்த்து வைத்து மெழுகு தேய்த்து அச்சு எடுத்தேன். ஒட்டிக்கொள்ளும், கழன்று வராது என்று சிரித்தார்கள். வந்தது. சல்லி ஊர்க் கரையில் இருந்து நிலாவெளி வரை எந்தப் படகின் அடியையும் தட்டிப் பார்த்து, அது என்னுடையதா இல்லையா என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவேன். கடைசியாக, என் மகளின் படகு ஏறி உட்கார்ந்திருக்கிற ட்ரெயிலர். அதுவும் நான் கட்டினதுதான். எவரும் கேட்கவில்லை, அதுதான் நானே சொல்கிறேன்.

ஆனால் இந்தக் கதை நான் கட்டாத ஒன்றைப் பற்றியது. அந்தப் படகை இழுக்கிற வண்டி.

மகள் படகோட்டி. வெள்ளைக்காரரை ஏற்றிக்கொண்டு ஓங்கில் என்கிற டொல்பின் காட்டவும், காலம் வாய்த்தால் திமிங்கிலம் காட்டவும் போகிறவள். தொடக்கத்தில் ஒரு பெண்பிள்ளை எஞ்சின் பிடிக்கிறாள் என்று ஊர் கதைத்தது. இப்போது விருந்தினர் விடுதிக்காரர்கள் அவளுடைய படகு இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் ஆள் அனுப்புகிறார்கள். கடலைப் பார்த்த உடனே அதன் குணம் அவளுக்குத் தெரியும். அது என் இரத்தம்.

ஆனால் வாடைக்காற்று தொடங்கினால் எங்கள் கடலில் ஓட ஏலாது. தண்ணீர் தேத்தண்ணி நிறத்துக்கு வந்துவிடும், படகைக் கரையேற்றி மூடிவிட வேண்டியதுதான். அதே மாதங்களில் நாட்டின் மறுபக்கம், கற்பிட்டியில், கடல் எண்ணெய் ஊற்றினாற்போல் கிடக்கும். மகள் பஸ் ஏறிப் போய் அங்கே விடுதி நடத்துகிற ஒரு அம்மாவோடு கதைத்துவிட்டு வந்தாள். சீசன் தொடங்கும்போது படகோடு வந்து நின்றால் வேலை உனக்கு, பிந்தினால் வேறு ஆளுக்கு என்று அந்த அம்மா சொல்லிவிட்டாராம்.

குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில் நின்று என்னிடம் சொன்னாள்.

"அப்பா, இந்த வாடைக்குப் படகு கற்பிட்டிக்குப் போகோணும். போகாட்டி வித்துப்போட்டுக் கொழும்புக்கு வேலைக்குப் போறன். அரை வருசம் ஓடி, அரை வருசம் கூரையைப் பாத்துக்கொண்டிருக்க எனக்கு ஏலாது."

அவள் ஒன்றைச் சொன்னால் செய்கிறவள். நான் கட்டியவற்றிலேயே வடிவான படகு அது. அதை வேறு ஒருவன் ஓட்டுகிறதைக் கரையில் நின்று பார்க்கிற பொறுமை எனக்கு இல்லை. அதைவிட, அவள் கடலை விட்டுவிட்டு ஒரு கட்டடத்துக்குள் போய் உட்காருகிறதை நினைக்கவே ஏலாது.

லொறியில் ஏற்றி அனுப்பலாமே என்று கேட்பீர்கள். அனுப்பலாம். ஆனால் கற்பிட்டியிலும் படகை அடிக்கடி தண்ணீரில் இறக்கி ஏற்ற வேண்டும். அதற்கு வண்டி கூடவே நிற்க வேண்டும். ஆகவே சொந்தமாக ஒன்று பார்ப்பதென்று முடிவு செய்து, கிண்ணியாவில் பழைய வாகனம் விற்கிற நானாவிடம் இருவரும் போனோம். நானா எனக்கு நெடுநாள் பழக்கம். வயதும் ஏறத்தாழ ஒன்றுதான். முஸ்லிம் ஆட்கள் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி நான் அவரை நானா என்பேன், அவர் என்னைக் கிண்டலுக்கு முதலாளி என்பார்.

"என்ன முதலாளி, படகு இழுக்கவோ? உங்கட வாயைக் கொழுவி விட்டாலே அது கற்பிட்டிக்குப் போயிருமே."

"வாய்க்கு நம்பர் பிளேட் இல்லை நானா. வண்டியைக் காட்டுங்கோ."

முதலில் ஒரு ஜீப்பைக் காட்டினார். சிவப்பு. முகம் பார்த்துத் தலை சீவலாம், அப்படி ஒரு மினுக்கம். எனக்கு உடனே பிடித்துக்கொண்டது. மகள் அதைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். பிறகு நிலத்தில் படுத்து அடியைப் பார்த்தாள்.

நானா சொன்னார், "பிள்ளை மாப்பிள்ளை பாக்குதோ, வண்டி பாக்குதோ?"

"வண்டிதான் நானா. மாப்பிள்ளை எண்டா இவ்வளவு பாக்க மாட்டன்."

எழும்பி முதுகைத் தட்டிக்கொண்டு என்னைப் பார்த்தாள். "நீளம் காணாது அப்பா. பாரமும் காணாது. இது படகைத் திருப்பாது, படகுதான் இதைத் திருப்பும்."

நான் அப்போது டிராக்டரைக் காட்டினேன். முற்றத்தின் ஓரத்தில் நல்ல நிலையில் ஒன்று நின்றது. டிராக்டர் இழுக்காத பொருள் உலகத்தில் உண்டா? கரைவலை இழுக்கிறது, சேற்றில் புதைந்த லொறியை இழுக்கிறது. இதை விட்டுவிட்டு வேறு எதைப் பார்க்கிறாய் என்று கேட்டேன்.

"ஓம் அப்பா, இழுக்கும். நாங்கள் கற்பிட்டிக்குப் போய்ச் சேரேக்க அங்க சீசன் முடிஞ்சு இங்க தொடங்கியிருக்கும். இறங்காமலே திருப்பிக்கொண்டு வரலாம்."

நானா சிரித்த சிரிப்பில் அவருடைய தொப்பி கழன்று விழுந்தது.

அவள் அதற்குள் நானாவின் கொட்டிலுக்குப் பின்பக்கம் போய்விட்டாள். அங்கே ஒரு பழைய டீசல் கெப் நின்றது. பின்னால் திறந்த பெட்டி, ஒரு கதவு வேறு நிறம், சீமெந்து ஏற்றி ஏற்றி எல்லா இடமும் சாம்பல். முன் பம்பரில் ஆடு ஒன்று கட்டியிருந்தது.

"அது விக்கிறதுக்கில்லை பிள்ளை, ஆடு கட்டுறதுக்கு," என்றார் நானா.

அவள் ஆட்டை அவிழ்த்து அவர் கையில் கொடுத்துவிட்டு, மறுபடி நிலத்தில் படுத்தாள். கனநேரம் வெளியே வரவில்லை. வந்தபோது முகத்தில் மண்ணும் சந்தோசமும். நீளமான உடம்பு, தடித்த சேசிஸ், நாலு சில்லும் சேர்ந்து இழுக்கிற கியர், எல்லாம் இருந்தது.

"பிரேக் எப்பிடி நானா?"

"எஞ்சினைப் பார் பிள்ளை," என்றேன் நான். "இழுக்கத்தானே வாங்குறம்."

"இழுக்கிறதை எதுவும் இழுக்கும். ஆர் நிப்பாட்டுறது?" இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். "உங்களுக்கு மறந்து போச்சே? எஞ்சின் செத்த படகைக் கட்டி இழுத்துக்கொண்டு துறைமுகத்துக்குள்ள வந்த கதை நீங்கள்தானே சொன்னனீங்கள்."

அது உண்மைதான். அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, சோறு தின்னவைக்க நான் சொல்கிற கதைகளில் ஒன்று அது. நடுக்கடலில் நின்றுபோன சல்லி ஊர்ப் படகொன்றைக் கயிறு போட்டு இழுத்து வந்தேன். வரும்வரைக்கும் பிரச்சினை இல்லை. துறைமுக வாயில் நான் வேகத்தைக் குறைத்தேன். பின்னால் வந்த படகு குறைக்கவில்லை. என்னுடையதைவிடப் பாரமானது, நேரே வந்து என் முதுகிலேயே முட்டியது. இழுக்கிறவன் பாரமாக இருக்க வேண்டும் என்று அந்தக் கதையை முடிப்பேன். வாயில் சோற்றை அடக்கி வைத்துக்கொண்டு கேட்ட பிள்ளை இத்தனை வருசம் அதை வைத்திருந்து, கிண்ணியாவில் ஒரு ஆட்டுக்குப் பக்கத்தில் நின்று எடுத்துத் தருகிறாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"பாத்தியளோ நானா," என்றேன்.

"பாத்தன். பிள்ளை கதைக்குது, நீங்கள் உயருறியள்."

கெப்பை எடுத்தோம். பம்பரில் கட்டியிருந்த கயிறு இலவசம்.

முதல் சோதனை உப்புவெளி மணலில். எங்கள் பக்கம் படகைக் கரையேற்றுவதென்றால் கரையில் நிற்கிற எல்லோரும் கயிற்றைப் பிடிப்பார்கள், கூப்பிடத் தேவையில்லை. அன்றும் கயிற்றோடு வந்து நின்றார்கள், கெப் புதையும் என்ற நம்பிக்கையில். டயர்களில் காற்றைக் குறை என்று மகளுக்குச் சொன்னது நான். மணலில் டயர் பரந்து நிற்க வேண்டும். அவள் சின்னக் கியரில் போட்டாள். கெப் அவசரப்படவில்லை. அடித்தொண்டையில் உறுமிக்கொண்டு, ஈர மணலில் இருந்து படகையும் ட்ரெயிலரையும் பிடுங்கி, ஒரே ஓட்டமாக மேட்டில் கொண்டுபோய் வைத்தது. நல்ல மாட்டிடம் இருக்குமே, முகத்தில் ஒன்றும் காட்டாத ஒரு பலம், அதுதான். பிடிக்க வந்தவர்கள் கயிற்றைச் சுருட்டி வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்கள்.

அடுத்தது தார் ரோட்டு. காற்றைத் திருப்பி அடித்து, பயணத்துக்கு வேண்டியதெல்லாம் ஏற்றி, நானாவையும் கூட்டிக்கொண்டு நிலாவெளிப் பக்கம் விட்டோம். சாம்பல்தீவுப் பாலம் தாண்டிக் கொஞ்சம் வேகம் எடுத்ததும் பின்னால் படகு ஆடத் தொடங்கியது. முதலில் மெல்ல, பிறகு நாய் வாலை ஆட்டுவதுபோல. கெப்பின் பின்பக்கமும் கூடவே ஆடியது. நானா வாய்க்குள் ஓத ஆரம்பித்துவிட்டார்.

மகள் பிரேக்கை மிதிக்கவில்லை. காலை மெல்ல எடுத்து, வண்டி தானாகத் தளர விட்டு, ஓரமாக நிறுத்தினாள்.

"திரும்பவும் ஆட்டைக் கட்டுங்கோ நானா," என்றேன். "இது சரிவராது."

அவள் இறங்கிப்போய், ட்ரெயிலரைக் கெப்போடு பூட்டியிருந்த கொழுக்கியைக் கழற்றினாள். கழற்றியதும் ட்ரெயிலரின் மூக்கு தானாக மேலே எழும்பியது, கோழி தண்ணி குடித்துவிட்டுத் தலையைத் தூக்குகிற மாதிரி. அவள் படகுக்குள் பார்த்தாள். எஞ்சின் பின்னால். எண்ணெய்க் கலன்கள் பின்னால். ஐஸ் பெட்டி, நங்கூரம், கயிறு, எல்லாம் பின்னால். நாங்கள் எல்லோரும் சேர்ந்து ஏற்றியது, அவளும்தான். கரையில் வளர்ந்த எவன் கையில் சாமானைக் கொடுத்தாலும் அங்கேதான் வைப்பான். கடலில் அணியம், அதாவது முன்மூக்கு, தூக்கி நிற்க வேண்டும். இல்லாவிட்டால் அலை ஏற ஏலாது.

"அப்பா, நாங்கள் கடலுக்கு ஏத்தியிருக்கிறம். ரோட்டில அலை இல்லை. இங்க மூக்கு கெப்பில அமந்து இருக்கோணும்."

நானா முதலில் ஐஸ் பெட்டியைத் தூக்கினார். பிறகு மூவரும் சேர்ந்து சாமானை முன்னுக்கு மாற்றினோம். ஆட்டம் குறைந்தது. முற்றாக நிற்கவில்லை, எஞ்சின் பின்னால்தானே இருக்கிறது. ஒவ்வொரு முறையும் அதைக் கழற்றிப் பூட்ட ஏலாது. அந்த இடத்தில்தான் என் வேலை வருகிறது. வீட்டுக்குக் கொண்டுவந்து, ட்ரெயிலரின் சில்லுகள் பூட்டியிருக்கிற அக்சலை வெட்டி எடுத்து, பின்னுக்குத் தள்ளிவைத்து நானே வெல்டிங் பிடித்தேன். தள்ளிப் பார்த்து, தூக்கிப் பார்த்து, மூக்குப் பக்கத்தை ஒரு பலமான ஆள் மூச்சுப் பிடித்துத் தூக்கினால் எழும்புகிற அளவுக்குக் கொண்டுவந்து விட்டேன். அதற்குப் பிறகு படகு கெப்பின் பின்னால் நிழல் மாதிரி வந்தது.

வாடை தொடங்க முன்னம் கற்பிட்டிக்கு வெளிக்கிட்டோம். அவள் ஓட்டினாள், நான் பக்கத்தில். ஹொரவப்பொத்தானைப் பக்கம், வெயில் சாய்கிற நேரம், பற்றைக்குள் இருந்து ஒரு யானை ரோட்டுக்கு இறங்கியது. அவசரமே இல்லாமல் வந்து நட்ட நடுவில் நின்றது. மகள் கியரைக் குறைத்தாள், பிரேக்கை அழுத்தினாள். நான் முன்னுக்குப் பார்க்கவில்லை. என் முதுகு பின்னால் வரப்போகிற இடிக்குக் காத்திருந்தது. துறைமுக வாயில் வாங்கிய இடி அதற்கு மறக்கவில்லை. ஆனால் ஒன்றும் வரவில்லை. கெப் நிலத்தில் பதிந்து உட்கார்ந்தாற்போல் நேராக நின்றது. படகும் அதன் பின்னால் நேராக நின்றது. அந்தச் சிவப்பு ஜீப்பாக இருந்திருந்தால் படகு எங்களைச் சுழற்றிக்கொண்டுபோய் யானையின் காலடியில் போட்டிருக்கும்.

யானை எங்களைப் பார்க்கவில்லை. படகைத்தான் பார்த்தது.

"கடல் எங்க எண்டு யோசிக்குது," என்றாள் மகள். யானை மறுபக்கப் பற்றைக்குள் இறங்கும்வரை எஞ்சினை நிறுத்தாமல் பிடித்திருந்தாள்.

கற்பிட்டியில் சீசன் தொடங்க முன்னமே போய் நின்றோம். விடுதி அம்மா வாசலுக்கு வந்து படகைப் பார்த்தார், கெப்பைப் பார்த்தார், ஓட்டின ஆளைப் பார்த்தார். வேலை மகளுக்குத்தான் என்று அந்தப் பார்வையிலேயே தெரிந்தது. படகு விலைக்குப் போகவில்லை. கொழும்புக் கதை அதன் பிறகு எங்கள் வீட்டில் எழவில்லை. வாடைக்கு அங்கே, தென்மேற்குக் காற்றான சோளகத்துக்கு இங்கே என்று இப்போது அவளுக்கு வருசம் முழுக்கக் கடல். எங்கள் கரையில் வேறு இரண்டு படகுக்காரர்கள் கெப் தேடுகிறார்கள். அவளிடம் வந்து கேட்கிறார்கள், அவளும் படுத்து அடியைப் பார்க்கச் சொல்கிறாள்.

அந்த விடுதிச் சுவரில் ஒரு படம் மாட்டியிருக்கிறார்கள். மகள் கெப்பில் சாய்ந்து நிற்கிறாள், பின்னால் படகு. கீழே இங்கிலீசில் எழுதியிருக்கிறது. மகளிடம் வாசித்துச் சொல்லச் சொன்னேன். வண்டியைத் தெரிவு செய்து, நாட்டைக் குறுக்கே கடந்து, தனியாகவே படகைக் கொண்டுவந்த பெண் என்று போட்டிருக்கிறதாம்.

தெரிவு செய்தாள், சரி. கடந்தாள், சரி. அவளைப்போல ஒரு ஆளை இந்தக் கடற்கரை கண்டதில்லை, அதை நானே மேடை போட்டுச் சொல்லுவேன். ஆனால் தனியாக என்ற சொல் எனக்குச் சரிவரவில்லை. பக்கத்து ஆசனத்தில் நான் இருந்தனான். படகு நான் கட்டினது. சோற்றோடு ஊட்டின கதை என்னுடையது. டயரில் காற்றைக் குறைக்கச் சொன்னது நான், அக்சலை நகர்த்தினதும் நான்.

மகளிடம் சொன்னேன், ட்ரெயிலரின் தண்டில் என் பேரைப் பெயின்ட்டால் எழுது என்று.

"எழுதுறன் அப்பா. நீங்கள் செய்ததெல்லாம் எழுதத் தண்டு காணுமோ தெரியாது. இன்னும் கொஞ்சம் நீட்டி வெல்டிங் பிடியுங்கோ."

நீட்டத் தேவையில்லை. தண்டில் பேர் மட்டும் போதும், அந்தச் சுவர்ப் படத்துக்குக் கீழே இன்னொரு வரி வந்தால் சரி. படகையும் ட்ரெயிலரையும் கட்டியவர் இவளுடைய தகப்பன் என்று, முழுப் பேரோடு. இங்கிலீசில் ஒன்று, தமிழில் ஒன்று. தமிழில் இருப்பதை நானே எழுத்துக் கூட்டி வாசித்துப் பார்ப்பேன்.