தராசண்ணன் நான்கு முறை நிறுத்தது

எங்கள் ஆய்வுக்கூடத்தில் அவரைத் தராசண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். உலோகம் உருக்குவது அவர் வேலை. உருக்கிய கம்பியை அறுத்துக் கொடுப்பது என் வேலை. வெள்ளி போல மின்னும் பல்லேடியத்தில் நிக்கல் கலப்பார். நூற்றுக்கு இரண்டு பங்கு போட்டால் கலவை காந்தமாகாது. இரண்டரையைத் தாண்டினால் கடுங்குளிரில் தானே காந்தமாகிவிடும். அந்த வரப்பின் மேல்தான் கூடத்தை நடத்தும் மேடத்தின் ஆராய்ச்சி முழுவதும். மயிரிழை பிசகக்கூடாது. இருபத்திரண்டு வருடம் அவர் கை பிசகியதில்லை. மூச்சை அடக்கிக்கொண்டு நிறுப்பார்.

"பொண்ணு பாக்கப் போனப்பவும் இப்படித்தான் மூச்சு விடாம நின்னீங்களாமே, அண்ணி சொன்னாங்க" என்பேன்.

"அவ ஒருத்தியத்தான்டா நிறுத்துப் பாக்காம கட்டிக்கிட்டேன். வாய மூடு, தட்டு ஆடுது."

என் ரம்பம் இரும்பு. அறுத்த துண்டை அமிலத்தில் முக்கி, ஒட்டிய இரும்புத்தூளைக் கரைத்த பிறகே கொடுக்க வேண்டும். ஒரு நாள் அவசரத்தில் துணியால் துடைத்துக் கொடுத்துவிட்டேன்.

இரண்டு பங்குத் துண்டு காந்தம் காட்டியது.

"நிக்கல் கூடிப்போச்சுண்ணே. கண்ணு முன்ன மாதிரி இல்ல போல" என்றார் மேடம். மெதுவாகத்தான் சொன்னார். அண்ணனைக் கிடங்குக்கு மாற்றினார்கள். அன்று சாயங்காலம் அமிலக் கிண்ணம் காய்ந்து கவிழ்ந்து கிடந்ததைப் பார்த்ததும்தான், துண்டை முக்காமல் கொடுத்தது எனக்கு உறைத்தது. வாயைத் திறக்கவில்லை. வேலை போய்விடும் என்ற பயம், வேறென்ன.

நான்கு மாதம் கழித்து மேடம் அதே துண்டில் மின்சாரம் விட்டு, குளிரக் குளிர மின்தடை இறங்குவதை அளந்தார். காந்தமாகும் இடத்தில் வரைபடக் கோடு மடங்க வேண்டும். மடங்கவே இல்லை. மின்சாரம் உள்ளே முழுக்க ஓடுவது. மேலே ஒட்டிய தூளுக்கு ஏமாறாது.

"இரும்பு ஒட்டியிருக்கு. அறுத்தது யாரு?"

"நாந்தான் மேடம்."

அண்ணனைக் கூப்பிட்டு வர என்னையே அனுப்பினார். கிடங்கில் அவரிடம் நடந்ததைச் சொன்னேன்.

"எப்பலேர்ந்துடா தெரியும் உனக்கு?"

"அன்னைக்கே தெரியும்ணே."

என்னோடு வந்து தராசின் முன் உட்கார்ந்தார். நிக்கலை நிறுத்தார். எடுத்துவிட்டு மறுபடி நிறுத்தார். மூன்றாவது முறையும் அதே எடைதான்.

"பாத்துச் சொல்லு, சரியா இருக்கா?"

இத்தனை வருடத்தில் அவர் யாரையும் அப்படிக் கேட்டதில்லை.

"சரியா இருக்குண்ணே."

நான்காவது முறையும் நிறுத்தார். பிறகு இடுக்கியைக் கீழே வைத்தார்.

"என் கண்ணையே நம்ப முடியல. உன் சொல்ல எப்படிடா நம்புறது?"

எழுந்து கிடங்குக்கே திரும்பிப் போனார். ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தார்.