மதிலுக்கு வெளியே போன ஈய மண்

வடசென்னையில் பழைய மனை வைத்திருப்பவர்களும், மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்க நினைப்பவர்களும் இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். கோயிலும் கடலும் பார்க்கப் போகிறவர்களுக்கு இதில் ஒன்றும் இல்லை.

திருவொற்றியூரில் என் கணவர் விட்டுப்போன மனை ஒன்று இருக்கிறது. வாடகைக்கு எடுத்தவர் அங்கே பழைய லாரி பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கினார். உருக்கும் வரை உருக்கிவிட்டுக் கம்பி நீட்டினார். மண்ணைச் சோதித்தபோது ஈயம் கலந்திருப்பது தெரிந்தது, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திலிருந்து ஆணை வந்தது. வீடு கட்டக் கூடாது. பள்ளி, குழந்தைகள் காப்பகம் கூடாது. போர்வெல் போடக் கூடாது. செடி வைக்கக் கூடாது. ஒரு கூடை மண்கூட வெளியே போகக் கூடாது. கான்கிரீட் போட்டு மூடிவிட்டால் லாரி நிறுத்த மட்டும் விடலாம்.

கடுமையான ஆணைதான். ஆனால் நியாயமானது. தனசேகர் என்ற ஒப்பந்தக்காரரிடம் மூடும் வேலையைக் கொடுத்து, ஒவ்வொரு நிபந்தனையையும் இரண்டு முறை வாசித்துக் காட்டினேன். சென்ற செப்டம்பரில், “கான்கிரீட் போடப் போறோம் மேடம், வந்து பாருங்க” என்றார். அதனால்தான் இந்தப் பயணம்.

கீழ்ப்பாக்கத்தில் காலை எட்டு மணிக்கு மெட்ரோ. சென்ட்ரலில் மாறி, ஒன்பதுக்குள் திருவொற்றியூர். கட்டணம் நாற்பது ரூபாய். அங்கிருந்து மனைக்கு ஒன்றரை கிலோமீட்டர். கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் என் வயதில் நடக்க முடியாது, உங்கள் வயதிலும் வேண்டாம். ஆட்டோக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“இன்னா ஆயா, இந்த வெயில்ல தனியா வந்துகினு கீற?”

“அம்மான்னு சொன்னா போதும்.”

“கோச்சிக்காதம்மா. அறுவது ரூவா குடு, கேட்டாண்டயே எறக்கிடறேன்.”

சொன்னபடியே இறக்கினார். அன்று சொன்ன சொல்லைக் காப்பாற்றியவர் அவர் ஒருவர்தான்.

மனையின் முன்பாதி ஒரு சாண் இறங்கியிருந்தது. “மண் எங்கே?” என்று கேட்டேன்.

“லெவல் பண்ணணும்ல மேடம்? சொரண்டுனோம். பின்வூட்டு ஜரீனா கேட்டுச்சி, குடுத்துட்டேன். ஒத்த பைசா வாங்கல. புண்ணியம் உங்களுக்குத்தான்.”

இந்தப் பகுதிக்குப் புதியவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். இங்கே ஒவ்வொரு முறை சாலை போடும்போதும் பழைய சாலையைச் சுரண்டாமல் அதன்மேலேயே போடுவார்கள். சாலை ஏறும், வீடுகள் பள்ளமாகும், மழைநீர் அடுப்படி வரை வரும். அதனால் எங்காவது அஸ்திவாரம் தோண்டினால், வீட்டை மேடாக்க அந்த மண்ணுக்கு நாலு பேர் வருவார்கள். கேட்டவருக்கு மண்ணை மறுப்பது குடிக்கத் தண்ணீர் மறுப்பது போன்ற பாவம். தனசேகர் அந்தப் பாவத்துக்குப் பயந்தார். நான் வாசித்துக் காட்டியதற்குப் பயப்படவில்லை.

கேட்டில் எச்சரிக்கைப் பலகை தொங்கியது, முழுக்க ஆங்கிலத்தில். கன்னியாஸ்திரீகளிடம் படித்த எனக்கே அதில் ஒரு வாக்கியத்தை இரண்டு தரம் படிக்க வேண்டியிருந்தது. அந்தத் தெருவில் அது யாருக்காக?

பின்வீட்டுக்குப் போனேன். ஜரீனாவுக்கு முப்பது வயதுக்குள் இருக்கும்; கணவர் மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கிறார். முற்றம் முழுக்க என் மண், தண்ணீர் தெளித்து நன்றாக மிதித்து வைத்திருந்தாள். அதன் நடுவில் ஒன்றரை வயதுப் பெண் குழந்தை ஆஃபியா, டம்ளரால் மண்ணை அள்ளிக்கொண்டிருந்தாள்.

“முதல்ல பிள்ளையைத் தூக்கு,” என்றேன். விஷயத்தைச் சொன்னேன்.

ஜரீனா தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். ஆனால் மண்ணை விடவில்லை. “எட்த்துகினு போயிடுவ. ஐப்பசில தண்ணி உள்ள வந்தா, உன் ஆர்டரா வந்து மொண்டு ஊத்தும்?”

எனக்குக் கோபம் வந்தது, அவள்மேல் அல்ல. அவள் கேட்டது சரி.

“ஊரே இப்டித்தான் மேடம்,” என்று பின்னாலேயே வந்த தனசேகர் சமாதானம் சொன்னார். “புகை, எண்ணெய், சாம்பல். இதுல நாலு கூடை மண்ணு இன்னா பண்ணிடும்?”

“ஊர் கெட்டுக் கிடந்தா நீங்களும் கொட்டலாமா? பொழுது சாயறதுக்குள்ள இங்கே நல்ல மண் வரணும். இந்த மண் திரும்பி என் மதிலுக்குள்ளே போகணும். அதுவரை நான் இங்கேதான் உட்கார்ந்திருப்பேன்.”

ஜரீனா ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டாள். தனசேகரின் ஆட்கள் தூசி பறக்காமல் நனைத்து நனைத்து அள்ளினார்கள். ஜல்லி உடைக்கும் இடத்திலிருந்து கிரஷர் மண் லாரி மூன்று மணிக்கு வந்தது. அவள் குழந்தையை ஒரு நொடி இறக்கவில்லை. நடுவில் மெல்லச் சொன்னாள்: “ஒரு வாரமா இதுலதாம்மா ஆடிக்கினு கீது. நேத்து ஒரு கை அள்ளி வாய்ல போட்டுக்கிச்சி. நான் சிரிச்சேன்.”

இனி, போகிறவர்களுக்கு. மூடிய செருப்புப் போடுங்கள். திரும்பியதும் அதை வீட்டுக்குள் கொண்டு வராதீர்கள். பத்திரம் பார்ப்பதற்கு முன், அந்த இடத்தில் முன்பு என்ன தொழில் நடந்தது என்று எதிர்வீட்டில் கேளுங்கள். மண்ணைச் சோதிக்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். கட்டுப்பாடு விதித்த மனை என்றால், அதைத் தமிழில் எழுதி நாலு பக்கமும் நீங்களே மாட்டுங்கள். என் மனைக்குள் குழந்தை நடமாடக் கூடாது என்று எழுதியவர்கள், மதிலுக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

இரண்டு நாள் கழித்து மீண்டும் வடக்கே போனேன், ஆஃபியாவை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போக. ரத்தம் எடுத்தார்கள். முடிவு வந்தபோதும் கூட இருந்தேன். ஈயம் இருக்கிறது. மூன்று மாதம் கழித்துத் திரும்பப் பார்க்கவேண்டும், அதுவரை குழந்தையை மண்ணில் விடக்கூடாது என்றார் டாக்டர்.

“அப்ப வேற எங்க சார் வுடறது?” என்று ஜரீனா கேட்டாள்.

அவர் அடுத்த சீட்டுக்காரரைக் கூப்பிட்டார்.