வெண்டலும் கல்லறைத் தோட்டத்துப் புல்லும்

என்ஜினுக்கு என்ன வியாதி என்று மோந்து பார்த்தே சொல்லிவிடுகிற பெண் அயோவா மாநிலத்திலேயே நான் ஒருத்திதான். எத்தனையோ டிராக்டர்கள், பள்ளிக்கூடப் பேருந்துகள். ஒருமுறை ஒரு விமானமே சோளக்காட்டில் இறங்கி என்னிடம் யோசனை கேட்டுவிட்டுப் போனது. சரி, விமானத்தை விட்டுவிடுங்கள். டிராக்டர்களையும் கழித்துக்கொள்ளலாம். பேருந்து விஷயமும் அவ்வளவு உறுதியில்லை. மிச்சம் நிற்பது எதிர்வீட்டு வெண்டல் ஏறி உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி வண்டி ஒன்றுதான். அதில் கை வைக்காதீர்கள், அது நடந்தது.

வெண்டல் ஓஸ்டர்காம்ப் எங்கள் ஊர் தானியக் கிடங்கில் லாரிகளை எடைபோட்டே தலை நரைத்தவர். பேச்சு கம்மி. அவருடைய பிரியமெல்லாம் அந்தப் பச்சை வண்டியின் மேல்தான்.

இலையுதிர் காலத்தில் கடைசிப் புல்லை வெட்டிய கையோடு அதை கராஜுக்குள் கொண்டுபோய்விடுவார். என்ஜின் சூடாக இருக்கும்போதே பழைய ஆயிலை வடிப்பார். ஆறிய ஆயில் அழுக்கை அடியிலேயே விட்டுவிட்டு வரும் என்பது அவர் கட்சி. டாங்கில் சொட்டுப் பெட்ரோல் மிஞ்சாமல் ஓட்டித் தீர்ப்பார், குளிர்காலம் பூராவும் தேங்கினால் கார்புரேட்டருக்குள் பிசினாகிவிடுமே. பிளக்கைக் கழற்றி அந்தத் துளை வழியாகக் கொஞ்சம் ஆயில் விடுவார். பேட்டரிக்கு வீட்டுக்குள்ளேயே இடம், துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில். எல்லாம் முடிந்ததும் சைலென்சர் வாயில் ஒரு பழைய கம்பளிக் காலுறையைச் சுருட்டி அடைப்பார். எலி புகுந்துவிடக் கூடாதாம்.

"எனக்குப் பல்லு வலிக்குதுன்னா, ஞாயித்துக்கிழமைக்குள்ள சரியாயிடும்பாரு" என்பாள் அவர் மனைவி ஆர்டிஸ். "அந்த வண்டி லேசா இருமினா போதும், மனுஷனுக்குச் சோறு இறங்காது."

இவ்வளவு சீராட்டும் எதற்கு? வீட்டுப் புல்லுக்கு அல்ல. எங்கள் லுத்தரன் தேவாலயத்துக் கல்லறைத் தோட்டத்தைக் கோடை முழுக்க வெட்டுவது வெண்டல்தான். யாரும் நியமிக்கவில்லை. முன்பு வெட்டியவர் ஒருநாள் அங்கேயே படுக்கப் போய்விட்டார். மறுவாரம் வெண்டல் வண்டியோடு போய் நின்றார், அவ்வளவுதான். எப்போதாவது யாராவது ருபார்ப் தண்டை இனிப்பாக உள்ளே வைத்து 'பை' என்கிற பலகாரம் சுட்டுக் கொண்டுபோய்க் கொடுப்பதோடு சரி. வெயிலில் எதற்கு இந்தப் பாடு என்று ஒருமுறை கேட்டேன்.

"அங்க இருக்கற அத்தனை பேரையும் எனக்குத் தெரியும், மாவிஸ். ஒருத்தரும் மழை எப்போ வரும்னு கேக்கறதில்ல" என்றார்.

இந்த மே மாதம் மழை கொட்டியதில் புல் முழங்காலைத் தொட்டது. வண்டி சாவியைத் திருப்பியதும் பாட்டுப் பாடிக்கொண்டு கிளம்பும். இரண்டு வரிசை வெட்டியதும் மூச்சுத் திணறி நின்றுவிடும். ஆறவைத்தால் மறுபடி பாடும், மறுபடி சாகும். பாதி வெட்டிய தோட்டம் நாவிதன் நடுவில் எழுந்துபோன தலை மாதிரி கிடந்தது. தேவாலயக் குழுத் தலைவர் டுவெய்ன் வந்து பார்த்தார்.

"உன்னக் குறை சொல்லல வெண்டல். திங்கக்கிழமை போர்ல செத்தவங்க நினைவு நாள். ஊரே பூவும் கொடியுமா வந்து நிக்கும். சனிக்கிழமை மத்தியானத்துக்குள்ள முடியலேன்னா டவுன் கம்பெனிக்காரங்களக் கூப்பிட்டுடறேன். அப்புறம் அவங்களே வெட்டிட்டுப் போகட்டும், உனக்கும் ஓய்வு."

"ம்" என்றார் வெண்டல். எங்கள் ஊர் ஆண்கள் அப்படி "ம்" என்றால் மற்ற ஊர்களில் மார்பில் அடித்துக்கொண்டு அழுததற்குச் சமம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் கராஜ் வாசலில் தொப்பி வைத்த ஆண்கள் கூடிவிட்டார்கள். எல்லார் கையும் பேன்ட் பையில்.

"பெட்ரோல் பம்ப்பு" என்றார் ஒருவர்.

"மாத்தியாச்சு."

"அப்ப இக்னிஷன் காயில்."

"அதுவும்."

"அப்ப வயசு" என்றார் டுவெய்ன். "வண்டிக்கா உனக்கான்னுதான் தெரியல."

வெண்டல் மறுபடி என்ஜினைக் கிளப்பினார். நான் என் வீட்டு வாசலில் தக்காளி நாற்று நட்டுக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் தெருவைத் தாண்டி ஒரு வாசனை வந்தது. கரிந்த ஆயில் இல்லை, பெட்ரோல் இல்லை. நாக்கில் எச்சில் ஊறுகிற, வறுத்த வாசனை. மண் கையோடு தெருவைக் கடந்தேன். தொப்பிகள் வழிவிட்டன.

"வெண்டல், மேல் மூடியக் கழட்டுங்க. உள்ள சூரியகாந்தி விதை வறுபடுது" என்றேன்.

கழற்றினார். சிலிண்டரைச் சுற்றிக் காற்றுப் போகவேண்டிய தகடுகளுக்கு நடுவே இடமே இல்லை. ஒரு தொப்பி கொள்ளும் அளவுக்கு விதை, பாதி பொன்னிறம், பாதி கரி. அதற்கு மேலே பஞ்சு மெத்தை போட்ட எலிக்கூடு. காற்று கிடைக்காமல் வெந்துபோய்த்தான் என்ஜின் நின்றிருக்கிறது. குடித்தனக்காரர் மட்டும் காலி செய்துவிட்டார்.

வண்டி வெளியே பளபளவென்று இருந்ததால் அந்த மூடியைத் திறக்க வெண்டலுக்குத் தோன்றியதே இல்லை. அது கிடக்கட்டும். சைலென்சருக்குக் காலுறை மாட்டிய அதே மனிதர், பனிக்காலத்தில் பறவைகளுக்குப் போடுகிற விதைச் சாக்கை எங்கே வைத்திருந்தார் தெரியுமா? வண்டியின் முன்சக்கரத்தில் சாய்த்து. எலிக்கு வீடும் கடையும் ஒரே கூரையில்.

ஆர்டிஸ் அந்த மெத்தையை விரலால் கிளறினாள். "இது காணாமப் போன உங்க கையுறைப் பஞ்சு. ஜனவரியிலேருந்து நான்தான் தூக்கிப் போட்டுட்டேன்னு சொல்லிட்டிருந்தீங்க."

"ம்" என்றார் வெண்டல். இது வேறு "ம்".

இருக்கிற வெளிச்சத்திலேயே தகடுகளைப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து, காற்றடித்து மூடினார். விதைச் சாக்கு, இறுக்கமான மூடி போட்ட தகர டப்பாவுக்குள் போய், கராஜின் எதிர்மூலைக்குக் குடிபெயர்ந்தது. காலையில் கல்லறைத் தோட்டத்தில் என்ஜின் சத்தம் கேட்டது. நான் காபியோடு படியில் உட்கார்ந்துவிட்டேன். சத்தம் நிற்கவில்லை. பன்னிரண்டு மணிச் சங்கு ஊதுவதற்குள் கடைசிக் கல்லைச் சுற்றிவந்து இறங்கினார் வெண்டல். டுவெய்ன் தோட்டத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார்.

"மோசமில்ல" என்றார்.

இதற்கு மேல் பாராட்டு எங்கள் ஊரில் கிடையாது. கம்பெனி பற்றி அதன்பிறகு அவர் வாயைத் திறக்கவே இல்லை.

இதையெல்லாம் எழுதி, ஓஸ்டர்காம்ப் வீட்டு மேசையில் இரண்டு பேருக்கும் படித்துக் காட்டினேன். ஆர்டிஸ் சிரித்தாள். வெண்டல் தன் பைத் துண்டை மென்று முடித்தார்.

"எல்லாம் சரிதான், மாவிஸ். ஆனா நீ மூடியக் கழட்டச் சொல்லல. 'பாப்கார்ன் பொரிக்கிறீங்களா, எனக்கும் ஒரு கிண்ணம் குடுங்க'ன்னுதான் கேட்ட. கையில கிண்ணம் கூட வச்சிருந்த."