புளி போட்டு விளக்கிய பேட்டரி

பேட்டரியைப் புளி போட்டு விளக்கியவன் நான். ஒன்றல்ல, இரண்டு. இரண்டும் என்னுடையவை அல்ல.

எழுதும்போதே காது சூடாகிறது. உப்புத் தண்ணீரில் மின்சாரம் பாயும் என்பது பள்ளிக்கூடப் பாடம். அதை நானே மகளுக்குச் சொல்லிக்கொடுத்து, அவள் பரீட்சையில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறாள். அலமாரி நிறையப் புத்தகம் வைத்திருப்பவன் நான். ஆனால் படிப்பு தலையில் ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கும். கை அதனிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வேலையை முடித்துவிடும்.

விளாங்குடியில் எங்கள் வீட்டுப் பரணுக்குக் கதவு போட ஒரு கார்ப்பெண்டர் வந்துகொண்டிருந்தார். ஆயுத பூஜைக்கு முந்தின நாள் சாயங்காலம் கிளம்பும்போது தன் பேட்டரி டிரில் மிஷினையும் அதன் இரண்டு பேட்டரிகளையும் சார்ஜரையும் என்னிடம் ஒப்படைத்தார்.

"எங்க ஏரியாவுல கரண்ட் இல்ல சார், காலைலதான் வரும்ங்கிறாங்க. ரெண்டையும் சார்ஜ் போட்டு வைங்க. நாளைக்கு பதினோரு மணிக்கு வந்து எடுத்துக்கிறேன். திருமங்கலத்துல ஒரு மருந்துக்கடை, விஜயதசமி காலைல தெறக்குறாங்க. ரேக்கு பூராவும் செவுத்துல மாட்டணும். கடைக்கு இன்னும் கரண்ட் மீட்டரே வரல. இந்த மிஷின விட்டா வேற வழியே இல்ல."

"கவலைய விடுங்கண்ணே" என்றேன். அவரும் விட்டார்.

காலையில் வண்டி, கத்தரிக்கோல், அரிவாள்மனை எல்லாவற்றையும் பூஜைக்குத் துடைத்து வைக்கும் பொறுப்பை மனைவி என்னிடம் கொடுத்தாள். என் லேப்டாப்பைக் குழந்தையின் கன்னத்தைத் துடைப்பதுபோல் காய்ந்த துணியால் துடைத்தேன். என்னுடையது அல்லவா. அப்புறம்தான் கண் டிரில் மேல் விழுந்தது. மேலெல்லாம் மரத்தூளும் பசையும். பாவம், உழைக்கிற மனிதனின் ஆயுதம், இதற்கு ஒரு மரியாதை செய்ய வேண்டாமா? ராத்திரி பூரா சார்ஜ் ஏறிய பேட்டரிகளைத் திருப்பிப் பார்த்தால், மிஷினோடு சேர்கிற பித்தளைத் தகடுகள் கறுத்துக் கிடந்தன. பித்தளை கறுத்தால் புளி. இதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது?

பக்கெட்டில் புளியைக் கரைத்து, ஒரு கை கல்லுப்பையும் போட்டு, பேட்டரி இரண்டையும் உள்ளே இறக்கினேன். தகடுகளிலிருந்து குபுகுபுவென்று குமிழ் கிளம்பியது.

"இங்க வந்து பாரு, எம்புட்டு அழுக்கு வெளிய வருதுன்னு!"

மனைவி சுண்டலுக்குத் தாளித்துக்கொண்டிருந்ததால் வரவில்லை. மிஷினைச் சோப்புப் போட்டுப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தேன். எல்லாவற்றையும் அரை மணி நேரம் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் காயவைத்துச் சந்தனம், குங்குமம் வைத்தேன். ஒரு பேட்டரியை மிஷினில் மாட்டி சாமி முன்னால் கிடத்தினேன். இன்னொன்றை விளக்குக்கு இடப்பக்கம் வைத்தேன். வலப்பக்கம் லேப்டாப் இருந்ததால், அழகுக்கு.

கார்ப்பெண்டர் சொன்ன நேரத்துக்கு வந்தார். பூஜை அறை வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்ன சார், சாமிகிட்ட வச்சுட்டீங்க? வச்சா இன்னைக்கு பூரா தொடக் கூடாதே! நான் வேலைய முடிச்சுட்டு ராத்திரி வீட்டுல வைக்கலாம்னு இருந்தேன்."

பூஜை செய்தால் ஒருவருக்கு வேலை கெடும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அவர் கொஞ்ச நேரம் யோசித்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு, "வச்சது நீங்கதான. நான் வைக்கலைல்ல" என்று தீர்ப்புச் சொல்லி மிஷினை எடுத்தார். பொத்தானை அழுத்தினார். சத்தம் இல்லை. மறுபடி அழுத்தினார். கவிழ்த்துப் பார்த்தார். காற்றுத் துவாரத்திலிருந்து இரண்டு சொட்டு அவர் கால் விரலில் விழுந்தது. மிஷினை மூக்கருகே கொண்டுபோனார்.

"என்ன சார், ரச வாசன அடிக்குது?"

சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மாடிப்படியில் உட்கார்ந்து, மிஷினை மடியில் வைத்துக்கொண்டு, "அந்த மருந்துக்கடைக்காரரு மூணு கடைக்கு என்னைய சொல்றேன்னிருக்காரு" என்று மட்டும் சொன்னார், என்னிடம் அல்ல, மிஷினிடம்.

என் பைக்கில் இருவரும் பைபாஸ் ரோட்டுப் பக்கம் அவர் வழக்கமாகப் போகும் காயில் கட்டும் கடைக்குப் போனோம். மோட்டாருக்குக் காயில் கட்டுவது, பேட்டரியில் செல் மாற்றுவது எல்லாம் அங்கே ஒரு பெண்மணிதான். அவர் அப்போதுதான் தன் சாமான்களுக்குப் பொட்டு வைத்து முடித்து, சூடம் ஏற்றியிருந்தார்.

"இன்னைக்கு கை வைக்க மாட்டேண்ணே. பாருங்க, சால்டரிங் அயனு சாமியோட இருக்கு."

கார்ப்பெண்டர் விஷயத்தைச் சொன்னார். புளி என்று வந்ததும் அந்தம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு முகம் மாறியது.

"இதுக்கு பேட்டரி ரெண்டாச்சே. இன்னொண்ணு எங்க?"

"சாமிகிட்ட" என்றேன்.

"சாமிகிட்டன்னா? வெளக்கு எரியுதா?"

எரிகிறது. போன் போட்டேன். மனைவி எடுத்த எடுப்பில், "என்னங்க, பூஜை ரூம்ல என்னமோ புஸ்ஸுங்குது. பாம்பு கீம்பு வந்துருச்சோன்னு பயந்து நிக்கிறேன்" என்றாள்.

அந்தம்மா போனைப் பிடுங்கினார். "அக்கா, அது பாம்பு இல்ல, பேட்டரி. கையால தொட்டுறாதீங்க. இடுக்கியால புடிச்சு வெளிய மண்ணுல போடுங்க. மொகத்தத் தள்ளி வச்சுக்கங்க. தண்ணி எதுவும் ஊத்த வேணாம்."

மூன்று பேரும் அந்தப் போனையே பார்த்துக்கொண்டு நின்றோம். அதற்குள்ளிருந்து கதவுச் சத்தம், செருப்புச் சத்தம், மனைவியின் மூச்சு. பக்கத்துவீட்டில் கட்டடம் கட்ட எங்கள் வாசலில் கொட்டியிருந்த மணல் அது வரைக்கும் எனக்குத் தினசரி எரிச்சல். "போட்டுட்டேன்" என்றாள் கடைசியில். "பொகையா வருது. வெளக்குக்கு ஒரு சாண் தள்ளித்தான் இருந்துச்சுங்க." அந்தம்மா ஒரு ஸ்டூலை என் பின்னால் தள்ளினார். மிஷினில் மாட்டியிருந்ததையும் கழற்றி வெளியே ஒரு மண் சட்டியில் வைத்தார்.

"புளித்தண்ணி குடிச்ச செல்ல நம்பக் கூடாதுண்ணே. ரெண்டும் போச்சு. மிஷினு பொழைக்குமான்னு பாப்போம். பூஜையில வைக்காத ஸ்க்ரூ டிரைவர் யார்ட்டயாச்சும் இருக்கா?"

இருந்தது. என் பைக் சீட்டுக்கு அடியில், வாங்கிய நாள் முதல் பிரிக்காத உறையில்.

கூட்டைப் பிரித்ததும் இரண்டாவது அதிர்ச்சி. "இந்த சுவிட்சு நான் போட்டது. கியர் ரெண்டு தடவ மாத்தினது. மோட்டாரு வேற மிஷினோடது" என்று அந்தம்மா ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார்.

"அப்ப பழசுன்னு என்னதான் இருக்கு?"

"இந்தக் கூடு. அதுவும் கீழ விழுந்து ஒடஞ்சுபோயி ஒட்டினது."

என் வீட்டில் மிக்ஸி ஒருமுறை முனகினால் அடுத்த வாரம் புது மிக்ஸி. இங்கே ஒரு மிஷின் எட்டு வருடமாகச் சாரத்திலிருந்து விழுந்தும், சிமெண்ட் தூசியைத் தின்றும், ஒவ்வொரு உறுப்பாகச் செத்துப் பிழைத்தும் ஒரு குடும்பத்தை நடத்தியிருக்கிறது. என் பக்தியை மட்டும் அதனால் ஒரு காலைப்பொழுது தாங்க முடியவில்லை.

மேஜை விசிறியில் ஒரு மணி நேரம் காயவைத்தார்கள். கரண்ட் போனால் கடைக்கு விளக்கெரிக்க அந்தம்மா தானே செய்து வைத்திருந்த பேட்டரி ஒன்று இருந்தது. அதே வோல்ட், ஆனால் அளவு வேறு, மிஷினில் பொருந்தாது. அதன் ஒயர்கள் இரண்டையும் மிஷினுக்குள் முறுக்கி டேப் சுற்றினார். மோட்டார் ஒருமுறை இருமி, பிறகு சுற்றியது. கார்ப்பெண்டர் அப்போதுதான் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

"ஆனா பேட்டரி வெளிய தொங்கும்ணே. ஒயரு ஒரு முழந்தான். யாராச்சும் பக்கத்துலயே புடிச்சுட்டு நிக்கணும்."

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

திருமங்கலத்தில் பொழுது சாயும் வரை பேட்டரியை ஒரு துணிக்கடைப் பையில் போட்டு மார்போடு அணைத்துக்கொண்டு நின்றேன். அவர் ஏணியில் ஏறினால் நான் பக்கத்து ஸ்டூலில் ஏறினேன். அவர் குனிந்தால் குனிந்தேன். "சார், இழுக்காதீங்க", "சார், தோள ஒட்டி வாங்க", "சார், தும்மாதீங்க". கடைசி ரேக்கின் கடைசி ஸ்க்ரூ இறங்கியபோது வெளியே தெருவிளக்கு வந்திருந்தது. மறுநாள் கடை சொன்ன நேரத்துக்குத் திறந்தது.

புதுப் பேட்டரி இரண்டு வாங்கிக் கொடுத்துவிட்டேன். நாலு நாள் கழித்துப் பரண் கதவை முடிக்க கார்ப்பெண்டர் வந்தார். சாயங்காலம் கிளம்பும்போது சுத்தியல் முதல் பென்சில் வரை எண்ணி எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். மனைவி காப்பியைக் கொடுத்து, எனக்காக இன்னொரு முறை மன்னிப்புக் கேட்டாள்.

"சாரச் சொல்லி என்னக்கா இருக்கு" என்றார் அவர், காப்பியை ஆற்றிக்கொண்டே. "படிச்சவரு வீடாச்சேன்னு நம்பி நாந்தான வச்சுட்டுப் போனேன்."