வெட்டக் கூடாத வள்ளம்

என் காது இரண்டும் ஆறு வயது வரை மூளியாக இருந்ததற்குக் காரணம், என் தாய்மாமா பெங்களூரில் ரொட்டி சுட்டதுதான். மற்றப் பிள்ளைகளுக்குப் பால்பல் முளைத்து முடிவதற்குள் காது குத்தியாகிவிடும். எனக்கோ பால்பல் விழவே ஆரம்பித்துவிட்டது. என் வயதுப் பெண்கள் கம்மலை ஆட்டிக்கொண்டு போவார்கள். நான் புளியம்பூவைக் காது மடலில் எச்சில் தொட்டு ஒட்டிக்கொண்டு அவர்கள் பின்னால் போவேன். வியர்த்தால் பூ விழுந்துவிடும்.

பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து சித்தேரி மலையைப் பார்த்துப் போகும் வண்டித்தடத்தில் எங்கள் ஊர். மாமா அம்மாவுக்கு ஒரே தம்பி. பெற்றவர்கள் போய்ச் சேர்ந்ததும் அவருக்கு ஏர் பிடிக்கப் பிடிக்கவில்லை. ஒருநாள் மொரப்பூரில் ரயிலேறிவிட்டார். பெங்களூர் கண்டோன்மெண்டில் பட்டாளத்துக்காரர்களுக்கு ரொட்டியும் கேக்கும் சுடுகிற இடத்தில் வேலை கிடைத்தது. அவர் போன பின் அவரைப் பற்றிய சேதிகள் மட்டும் ஊருக்கு வந்தன. வெள்ளைக்காரனின் எச்சில் தட்டைக் கழுவுகிறாராம், கண்டவர்களோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து தின்கிறாராம். சொன்னவர்கள் யாரும் பெங்களூரைப் பார்த்ததில்லை. அதனால் ஒவ்வொரு வாயிலும் சேதி ஒரு பிடி கூடிக்கொண்டே வந்தது.

எங்கள் பக்கத்தில் பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். அந்த ரொட்டிக்காரன் மடியில் உட்கார வைத்தால் பங்காளிகள் ஒருவரும் இந்த வீட்டில் கை நனைக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார் பெரியப்பா. அப்பாவுக்கு அண்ணன், பங்காளிகளுக்கெல்லாம் தலைவர். அவர் சொன்னால் சொன்னதுதான். அதற்குப் பதிலாக அவரே ஒரு வழியும் காட்டினார். அம்மாவுக்குச் சித்தப்பா மகன் ஒருவர் ஏரியூரில் இருந்தார். அவர் மடியில் உட்கார வைத்துக் குத்தினால் ஆயிற்று. அம்மா அதற்கு ஒரே ஒரு பேச்சுத்தான் பேசினாள்.

"என் கூடப் பொறந்தவன் உசுரோட இருக்கறப்ப இன்னொருத்தன் மடி எதுக்குங்க? காது மூளியாவே கெடக்கட்டும்."

அப்பா, அண்ணன் சொல்லும்போது அண்ணனுக்குத் தலையாட்டுவார். அம்மா சொல்லும்போது அம்மாவுக்குத் தலையாட்டுவார். இப்படியே வருஷங்கள் போயின. நடுவில் மூளியாகத் திரிந்தது நான்தான்.

உலகச் சண்டைக் காலம் வந்தது. மாமாவுக்கு லீவு கிடைத்திருக்கிறது, ஊருக்கு வருகிறார் என்று ஒரு புளி வியாபாரி வந்து சொன்னார். அன்றைக்கே அப்பா காதுகுத்துக்கு நாள் வைத்துவிட்டார். யார் மடி என்பதை மட்டும் சொல்லவில்லை. வரட்டும், சீர் கொண்டு வரட்டும், மற்றதைச் சபையில் பார்த்துக்கொள்ளலாம் என்றார். பெரியப்பா சும்மா இருப்பாரா, அவர் பங்குக்கு ஏரியூருக்கும் ஆள் விட்டார். ஒரு பிள்ளைக்கு இரண்டு மடி ஏற்பாடாயிற்று.

மாமா காக்கி அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு, கறுப்பு டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கினார். அவர் மேல் வெண்ணெய் வாசனை அடித்தது. பெட்டியில் எனக்கு ஒரு பாவாடைத் துணியும் பொட்டுத் தங்கத்தில் கம்மலும் இருந்தன. பட்டு இல்லை, வெள்ளி இல்லை. மீதி இடத்தையெல்லாம் மைதா மாவு டின்னும், ஏதேதோ பொட்டலங்களும், முழங்கை நீளத்தில் ஒரு கத்தியும் அடைத்துக்கொண்டிருந்தன. அம்மா பெட்டிக்குள் பார்த்துவிட்டு மூடினாள். சபையில் வைக்கிற வரிசைத் தட்டுகளுக்கு இது போதாது என்று எனக்கே தெரிந்தது. மாமா மட்டும் சிரித்தார். இந்தச் சீமையில் ஒருத்தரும் பார்த்திராத சீர் ஒன்று வைக்கப்போகிறேன், பேசாமல் இரு அக்கா என்றார்.

பெங்களூரில் அவர் கேக்கை எந்தப் பொருள் மாதிரி வேண்டுமானாலும் செய்வாராம். ஒரு துரைக்கு அவருடைய தொப்பி மாதிரியே செய்து கொடுக்க, துரை அதைத் தலையில் எடுத்து வைக்கப் போனாராம். இங்கே எது மாதிரி செய்யலாம் என்று என்னிடம் கேட்டார். நான் எருமை என்றேன். அவர் மூலையில் இருந்த வள்ளத்தைப் பார்த்தார். வள்ளம் என்பது நாங்கள் தானியம் அளக்கிற மரப்பாத்திரம், வயிற்றில் இரண்டு இரும்புப் பட்டை போட்டது. நல்ல காரியங்களில் அதில் ராகியைக் கூம்பாக நிரப்பிச் சபையில் வைப்பார்கள். நிறைந்த வள்ளத்தைக் கொண்டு வருகிறவனை யார் குறை சொல்ல முடியும் என்றார் மாமா. அது எனக்கும் நியாயமாகத்தான் பட்டது, எருமை இல்லையே என்ற குறையைத் தவிர.

அடுத்த இரண்டு நாளும் எங்கள் மாட்டுக்கொட்டகைப் பின்புறம்தான் எனக்கு வாசம். மாமா வள்ளத்தை நூல் பிடித்து அளந்து, சீமெண்ணெய் டின் ஒன்றை வெட்டி வளைத்து அதே அளவுக்கு அச்சு செய்தார். டின்னில் சீமெண்ணெய் வாடை போகச் சாம்பல் போட்டுத் தேய்த்தது நான். முட்டைக்குத் தெருவெல்லாம் அலைந்தோம். அடை வைத்திருந்த முட்டைகளைக்கூட மாமா வெயிலில் தூக்கிப் பார்த்துப் பொறுக்கினார். அந்தப் பருவத்தில் எங்கள் தெருவில் கோழிக்குஞ்சுகள் குறைந்துபோனதற்கு என் காதுதான் பொறுப்பு. சீனி கிடைக்காத காலம், அதனால் வெல்லமும் மலைத்தேனும். சித்தேரியிலிருந்து தேன் கொண்டுவந்த மலைக்காரம்மா, இவ்வளவு தேனையும் மாவில் கொட்டுகிறவனைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

இருப்புச்சட்டியில் மணல் கொட்டி, அதன் மேல் அச்சை வைத்து, பெரிய பானையைக் கவிழ்த்து மூடி, அடியிலும் தலையிலும் புளியங்கட்டைத் தணல் போட்டார். முதல் கேக் மேலே கருகி நடுவில் கூழாக இருந்தது. அதை நாய் தின்றுவிட்டு அன்று முழுவதும் எங்களை விட்டு நகரவில்லை. மாமா முகம் சுருங்கிவிட்டது. மிச்ச மாவு ஒரு தரத்துக்குத்தான் வரும், இதுவும் போனால் வெறுங்கையோடுதான் சபைக்குப் போக வேண்டும் என்று அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார். அம்மா தணலைத் தானே ஊதிக் கொடுத்தாள். இரண்டாவது கேக் பானையை எடுத்ததும் சித்தேரி மலை மாதிரி எழும்பி நின்றது. மாமா அதன் மேல் காய்ச்சிய வெல்லப்பாகைப் பூசி மர நிறம் கொண்டுவந்தார். கருகக் காய்ச்சிய பாகில் இரண்டு பட்டை இழுத்தார். கசகசாவை வறுத்துப் பாகில் புரட்டி, உதிர்த்து, மேலே ராகி மாதிரியே கூம்பாகக் குவித்தார். பக்கத்தில் நிஜ வள்ளத்தை வைத்தபோது, கூடவே இருந்த எனக்கே எது எது என்று குழம்பிவிட்டது.

காதுகுத்து எங்கள் குலசாமி கோயில் புளியமரத்தடியில். எனக்கு மொட்டை அடித்துச் சந்தனம் பூசியாயிற்று. ஏரியூர் மாமா விடியற்காலையிலேயே வந்து, வெளுத்த வேட்டியோடு சம்மணம் போட்டு மடியைத் தயாராக வைத்திருந்தார். முழங்காலெல்லாம் எலும்பு. புகையிலை நெடி. காது குத்துகிற ஆசாரி தங்கக்கம்பியைத் தீட்டிக்கொண்டு, யாராவது உட்காருங்கள், நேரம் போகிறது என்றார்.

அப்போதுதான் மாமா வேட்டி சட்டையில், இரண்டு கையாலும் தட்டை ஏந்தி வந்தார். சபை எட்டிப் பார்த்தது. பெண்கள் பக்கத்தில் ஒரு சிரிப்புக் கிளம்பியது. பெங்களூரிலிருந்து ராகியா சுமந்து வந்தான் என்று யாரோ கேட்டார்கள். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். பெரியப்பா அசல் விவசாயி. தானியத்தைப் பார்த்தால் அவர் கை சும்மா இருக்காது. குவியலில் ஒரு சிட்டிகை எடுத்து, உள்ளங்கையில் தேய்த்து, நாலு மணியைப் பல்லுக்கிடையில் போட்டுக் கடித்தார். அவர் முகம் போன போக்கை நான் மட்டும்தான் கவனித்தேன். கை நனைக்க மாட்டேன் என்றவர் முதல் ஆளாக நனைத்துவிட்டார், ஆனால் அதைக் கணக்கில் சேர்க்க அவர் தயாராக இல்லை.

மாமாவுக்குப் பெருமை தாங்கவில்லை. இது ராகி இல்லை, கேக், முழுவதும் தின்கிற பண்டம் என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். பெங்களூரில் சபைக்குப் பெரியவர்தான் முதலில் வெட்ட வேண்டும் என்பது மரியாதை. அந்த மரியாதையைத்தான் அவர் செய்தார். முழங்கை நீளக் கத்தியை எடுத்து, பிடியைத் திருப்பி, பெரியப்பாவிடம் நீட்டினார்.

பெரியப்பா துள்ளி எழுந்தார்.

"நெறஞ்ச வள்ளத்துல கத்தி வெக்கச் சொல்றான் பாருங்கடா. நல்ல காரியத்துல, சாமி முன்னால. இவன் மடியிலயா பொண்ணு ஒக்காரணும்?"

மாமாவுக்கு அப்போதுதான் உறைத்தது. வள்ளம் செய்யத் தெரிந்தவருக்கு, வள்ளத்தை வெட்டக் கூடாது என்பது பெங்களூரில் மறந்துவிட்டது. கத்தியை என்ன செய்வது என்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். அம்மா அவரைப் பார்க்கவில்லை. அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏரியூர் மாமா மடியை ஒருமுறை தட்டிச் சரிசெய்துகொண்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது, அந்த எலும்பு மடியை நினைத்து.

அப்பா துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு எழுந்து வந்தார். களத்தில் அளக்க உட்காருவதுபோல அந்தத் தட்டின் முன் குந்தினார்.

"வள்ளத்த வெட்டக் கூடாது, செரிதாண்ணா. அள்ளலாமில்ல?"

சொல்லிவிட்டுக் கையைக் கூம்புக்குள் விட்டு, கசகசாவும் கேக்குமாக ஒரு கை நிறைய அள்ளினார். களத்தில் முதல் அளவை ஒன்று என்று சொல்ல மாட்டோம், லாபம் என்றுதான் தொடங்குவோம். அப்பா சத்தமாக லாபம் என்றார். அதை அப்படியே தன் வாயில் போட்டுக்கொண்டார். கண்ணை இறுக மூடி, மென்று, விழுங்கினார். அப்பா மறுபடி அள்ளினார். ரெண்டு என்று சொல்லி அதையும் தன் வாயிலேயே போட்டுக்கொண்டார். கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்கு ருசி என்று நினைத்தேன். பிறகு கையை உதறிவிட்டு மாமாவைப் பார்த்தார். அதுவரை அவன் இவன் என்றே பேசிவந்தவர் சொன்னார்:

"ஒக்காருங்க மச்சான். நேரமாவுது."

மாமா உட்கார்ந்தார். அவர் மடி மெத்தென்று இருந்தது. ஆசாரி குத்தினபோது நான் போட்ட சத்தத்தில் மரத்திலிருந்த காக்கைகள் எழுந்து பறந்தன. இரண்டாவது காதுக்கு மாமாவும் சேர்ந்து அழுதார்.

அதற்குப் பின் வள்ளம் அதிக நேரம் நிற்கவில்லை. முதலில் பிள்ளைகள் கை வைத்தார்கள், பிறகு பெண்கள், பிறகு பங்காளிகள். பெரியப்பா கடைசியில் வந்து, பிள்ளைக்காகத்தான் என்று சொல்லி ஒரு துண்டு எடுத்தார். இன்னொன்றும் எடுத்தார். எல்லாரையும்விட அதிகம் தின்றவர் ஏரியூர் மாமா. மடி போனாலும் வயிறு போகக் கூடாது என்று நினைத்திருப்பார். வருஷா வருஷம் மாமா எங்கள் வீட்டுக்கு வந்து போனது அன்றிலிருந்துதான். அடுத்த வருஷம் எனக்கு எருமையும் செய்து தந்தார்.

இத்தனை கைகளுக்கு நடுவில் என் பங்குக்கு வந்தது பட்டையிலிருந்து உதிர்ந்த தூள்தான். காது எரிய எரிய அப்பாவைத் தேடிப் போனேன். இரண்டு கை அள்ளினவர், துண்டில் எனக்கென்று கொஞ்சம் முடிந்து வைத்திருப்பார் என்று நம்பிக்கை. கோயிலுக்குப் பின்னால் வாய்க்கால் ஓரத்தில் அப்பா குனிந்து நின்று வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். அம்மா ஒரு கையால் முதுகைத் தடவிக்கொண்டு, ஒரு கையால் செம்பை நீட்டிக்கொண்டிருந்தாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று சொல்ல முடியாத முகம்.

"முட்ட வாசமே ஆவாத மனுசன். ஒரு வாயோட நிறுத்தக் கூடாதுங்களா?"

அப்பா வாயைக் கொப்பளித்துத் துப்பினார்.

"ஒரு வாய் தின்னா மரியாதைக்குத் தின்னான்னு சொல்லுவாங்க. ரெண்டாவது வாய் தின்னாத்தான் தின்ன கணக்கு. உன் தம்பிகிட்டச் சொல்லிராத."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிடிக்காத பண்டத்தை எதற்கு அத்தனை பேர் முன்னால் அள்ளித் தின்ன வேண்டும், தின்றதை எதற்கு வாய்க்காலில் விட வேண்டும்? அந்த இரண்டாவது கையையாவது எனக்குக் கொடுத்திருக்கலாம். அந்த அநியாயத்தை நினைக்க நினைக்கப் பொறுக்கவில்லை. அங்கேயே நின்று ஓவென்று அழுதேன். காது வலிக்கிறது போல என்று அப்பா ஓடிவந்து என்னைத் தூக்கிக்கொண்டார்.