காட்டெருமை மறித்த வெள்ளிக்கிழமை

என் அத்தை மலைமேல் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தாள். தூத்துக்குடியில் எங்கள் வீட்டில் அவளைப் பற்றிப் பேச்சு வந்தால், யானையும் சிறுத்தையும் திரியும் இடத்தில் ஒரு பெண்பிள்ளை தனியாக இருப்பதா என்பதில்தான் போய் முடியும். எனக்கு எட்டு வயதானபோது சாத்தான்குளத்தில் ஒரு மாப்பிள்ளை அமைந்தார். சனிக்கிழமை காலையில் பெண் பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பினார்கள். கல்யாணம் முடிந்ததும் அத்தை வேலையை விட்டுவிட வேண்டும் என்பது அவர்கள் போட்ட ஒரே நிபந்தனை. அப்பாவுக்கு அது நிபந்தனையாகவே தோன்றவில்லை.

அவளை அழைத்துவர அப்பா வியாழக்கிழமை புறப்பட்டார். அடம்பிடித்து நானும் போனேன். மலையேறும் பஸ்ஸில் வாந்தியெடுத்தேன். அத்தைக்குத் தோட்டத்தில் ஒற்றை அறை வீடு. அங்கே துவைத்த துணி காயவே காயாது என்றாள்; அதை ஒரு குறையாகச் சொன்னது போலத் தெரியவில்லை. அப்பா மாப்பிள்ளையின் போட்டோவைக் கொடுத்தார். பார்த்துவிட்டு, வருகிறேன் என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் மத்தியானம் பெட்டியோடு கிளம்பினோம். கீழே இறங்க நாளுக்கு ஒரே பஸ்தான். அது நிற்கும் இடத்துக்கு நடந்துபோகையில், பாதி வழியில் பாதையை அடைத்துக்கொண்டு ஒரு காட்டெருமை நின்றது. கறுத்த உடம்பு, முழங்காலுக்குக் கீழே மட்டும் வெள்ளை. எங்களைப் பார்த்துவிட்டு அசைபோடத் தொடங்கியது.

“ஏளா, வேற வழி உண்டுமா?” என்றார் அப்பா, குரலைத் தாழ்த்தி.

“இது ஒண்ணுதாண்ணே. அதுவாப் போனாத்தான் உண்டு.”

அத்தை பெட்டியைக் கீழே வைத்து அதன்மேல் உட்கார்ந்தாள். அப்பா கைதட்டிப் பார்த்தார். அது தலையைத் தாழ்த்தியதும் நிறுத்திக்கொண்டார். சற்று நேரத்தில் கீழே பஸ் புறப்படும் சத்தம் கேட்டது. அது வளைவுகளில் இறங்கித் தேய்ந்து போகும்வரை அத்தை தலையைத் திருப்பவில்லை.

சனிக்கிழமை காலையில் மாப்பிள்ளை வீட்டார் எங்கள் வீட்டுக்கு வந்து, காத்திருந்து, பலகாரம் சாப்பிட்டு, கோபத்தோடு போனதை அம்மா பிற்பாடு சொன்னாள். அன்று மத்தியானம் நானும் அப்பாவும் கிளம்பியபோது அத்தை பெட்டியை எடுக்கவில்லை. அவர்கள் வந்து போயிருப்பார்கள், இனி நான் வந்து என்ன செய்ய என்று கேட்டாள். எங்களை பஸ் ஏற்றிவிட மட்டும் கூட வந்தாள்.

அதே இடத்தில் காட்டெருமை மறுபடியும் நின்றது. அப்பா நின்றுவிட்டார். அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு தேயிலைச் செடிகளுக்கு நடுவே இறங்கினாள். அங்கே நன்றாக மிதிபட்ட ஒற்றையடிப் பாதை இருந்தது. நேரே பஸ் நிற்கும் இடத்துக்கே போய்ச் சேர்ந்தோம்.

“நேத்து ஏன் அத்தை இந்த வழியா வரல?” என்று கேட்டேன்.

அப்பா அத்தையைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு, பஸ் வருகிறதா என்று திரும்பிக்கொண்டார்.

“நேத்து இங்கன ஒரே அட்டைப்பூச்சியாக் கெடந்துச்சுளா” என்றாள் அத்தை, என் ரிப்பனைச் சரிசெய்தபடி.

வீட்டில் அந்த ஒற்றையடிப் பாதையைப் பற்றி அப்பா ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. நான் பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொன்னேன், மலையில் அட்டைகள் வெள்ளிக்கிழமைகளில்தான் வரும் என்று.